யந்திரத் தகடும் பேஸ் கிட்டாரும்

நம் ஊர் கரண்டுக்கு ஒரு சுருதி உண்டு. விநாடிக்கு 50 சுற்று. பேஸ் கிட்டாரில் இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பி) அழுத்தி மீட்டினால் வருகிற ஜி என்ற ஸ்வரம், விநாடிக்கு 49 அதிர்வு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எர்த் சரியில்லாத பேஸை ஆம்ப்ளிஃபயரில் சொருகிக்கொண்டு ஜி-யில் பாட்டு வாசித்தால் தம்புரா இலவசம். வேறு சுருதிக்குப் போனால்தான் வில்லங்கம். அமெரிக்காக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினையும் இல்லை. அவர்கள் கரண்டு 60 சுற்று, அது பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் எந்த சுருதியிலும் சேராமல் கிடக்கும்.

அனுப்பானடியில் வாங்கிய பழைய பேஸ் கிட்டாரை வீட்டில் சொருகியபோது எனக்குக் கேட்டது அந்த ஜி மட்டும்தான். கம்பியை மீட்டினால் இரைச்சலுக்கு அடியில் எங்கோ லேசாக ஒரு முனகல். கம்பியைக் கையால் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும். நம் உடம்பு வாங்குகிற கரண்டு இரைச்சலை அந்தக் கம்பி வழியாக எர்த்துக்கு இறக்கிவிடுவதுதான் ஏற்பாடு. இதில் தொட்டதும் கூடியது. கம்பிகளின் கீழ்முனையைத் தாங்குகிற பிரிட்ஜுக்கு அடியில் போகிற எர்த் ஒயர் அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற இரண்டு பிக்கப்பில் ஒன்று செத்திருக்கிறது என்பது மல்டிமீட்டர் வைத்தபோது தெரிந்தது.

விற்றவர் 1980-களில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுப்பட்டுக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய லைட் மியூசிக் வாசித்தவர். கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸையும் சேர்த்து வாசிக்கிற காலம் வந்ததும் குழுவில் முதலில் கழித்துவிட்டது தன்னைத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு கிட்டார் பரணுக்குப் போய்விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற பரண். மதுரை வெயிலில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 5,000 சொன்னார், 4,000 கொடுத்தேன். பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது, "பாத்துச் செய்ங்க தம்பி, அதப் புதுசாக்கிராதீங்க" என்றார். நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்குப் பேஸ் மேல் ஏன் இவ்வளவு கிறுக்கு என்று என் மகள் கேட்கிறாள். டீக்கடை ஸ்பீக்கர் பெட்டிதான் காரணம். பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். ஆகவே இளையராஜா எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. 1976-ல் அவர் சினிமாவுக்கு வந்தபின், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது என்பதைக் காது கண்டுகொண்டது. பாடகர் ஒரு மெட்டில் போவார், பேஸ் கிட்டார் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு வேறு வழியில் போகும். பெரிய மரப்பெட்டியில் ஸ்பீக்கரை அடைத்து வைத்திருந்த டீக்கடையில் அந்த இரண்டாவது பாட்டுதான் முதலில் கேட்கும். நெஞ்சில் வந்து இடிக்கும். அதைக் கேட்பதற்காகவே பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

வாங்கிய பேஸின் தலையில் கம்பெனிப் பெயர் இல்லை, ஒட்டியிருந்த இடத்தில் பசைதான் காய்ந்து கிடந்தது. பின்பக்கம் நெக்கையும் (கழுத்தையும்) உடம்பையும் சேர்க்கிற நாலு ஸ்குரூவுக்கு அடியில் உள்ள தகட்டில் 'ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான்' என்று பொறித்திருந்தது. 1970-களில் ஜப்பானின் நாகானோ வட்டாரத்தில், மாட்சுமோட்டோ நகரைச் சுற்றி இருந்த தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்து அச்சு அசலாக நகல் செய்தன. எந்த நாட்டு வியாபாரி எந்தப் பெயர் கேட்டாலும் அந்தப் பெயரை ஒட்டி அனுப்பின. அப்படிப்பட்ட ஒன்று சிங்கப்பூர் போய், அங்கிருந்து யாரோ ஒருவர் கைச்சாமானாக ஊருக்கு வந்திருக்கிறது. இறக்குமதி வரி தலைக்கு மேல் இருந்த காலத்தில் வேறு வழி ஏது?

இது ஃபெண்டர் கம்பெனி 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் நகல். பிக்கப் குழிக்குள் டார்ச் அடித்தால் ஒட்டுப்பலகை அடுக்குகள் தெரியும். முழு மரம் இல்லை என்று கிட்டார் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் மாறி மாறிக் கிடந்தும் உடம்பில் ஒரு வெடிப்பு இல்லை. ஒட்டுப்பலகையின் பலம் அதுதான்.

லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆளுயரப் பெட்டி பேஸைத் தூக்கிச் சுமக்க முடியாமல் திண்டாடிய வாத்தியக்காரர்களுக்காக 1951-ல் அவர் விற்க ஆரம்பித்த ப்ரெசிஷன் பேஸ்தான் இன்றைய பேஸ் கிட்டார்களுக்கெல்லாம் மூலம். நெக்கை ஒட்டாமல் ஸ்குரூ போட்டு மாட்டினார். ஒயரிங்கை எவனும் கழற்றிப் பார்க்கிற மாதிரி வைத்தார். ரேடியோ ரிப்பேர்காரர் புத்தி அது. அதனால்தான் இதைப் பழுது பார்க்க கிட்டார் கடையை விட ரிப்பேர் கடைகளை நம்பலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

மதுரையில் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் "சென்னைக்கு அனுப்பிருங்க சார்" என்றார்கள். கம்பி மாற்றுவார்கள், சுருதி சேர்த்துக் கொடுப்பார்கள், அதற்கு மேல் கை வைக்கமாட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கிட்டார் ரிப்பேர் என்பது தனியாக ஒரு தொழிலே இல்லை. கொஞ்சம் தச்சு, கொஞ்சம் பத்தர் வேலை, கொஞ்சம் வைண்டிங், கொஞ்சம் மெக்கானிக். இந்த ஊரில் அத்தனைக்கும் ஆள் இருக்கிறார்கள். ஒரே கடையில் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் போனது பைக் மெக்கானிக்கிடம். நெக்கின் ஸ்குரூக்களில் இரண்டு துருப்பிடித்து இறுகியிருந்தன. வீட்டு ஸ்குரூடிரைவர் வைத்தால் வழுக்கித் தலையை மழுக்கப் பார்த்தது. தெருமுனையில் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகளாகப் பார்த்துப் பிரிக்கிற தம்பி, கிட்டாரை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜப்பான் ஸ்குரூண்ணே இது. உங்க டிரைவர் சேராது" என்று வேறொன்றை எடுத்தான். ஜப்பான் தரத்தில் வருகிற ப்ளஸ் ஸ்குரூவின் பள்ளம், நாம் வழக்கமாகப் பார்க்கிற ஃபிலிப்ஸ் ஸ்குரூவிலிருந்து லேசாக வேறுபடும். ஜப்பான் பைக் பிரிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். நாலும் சேதாரமில்லாமல் வந்தன. யமஹா சின்னத்தில் இருப்பது மூன்று டியூனிங் ஃபோர்க் என்று அவனிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக அதை என்னவென்று நினைத்திருந்தான் என்பதை இங்கே எழுத முடியாது.

வருகிற வழியில் அவனிடம் ஃபீலர் கேஜையும் இரவல் வாங்கி வந்தேன். டாப்பெட் இடைவெளி பார்க்கிற மெல்லிய எஃகு இதழ்கள். பேஸ் நெக் வளைவை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

நெக் வளைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கிட்டார்களைத் தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப் பேர் இதற்குப் பயந்துதான் போடுகிறார்கள். நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவை 70 கிலோவுக்கு மேல். அத்தனையும் ஒரு மெல்லிய மரக்கட்டை மேல். அதை ஈடுகட்ட நெக்குக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ 1923-ல் காப்புரிமை பெற்ற உத்தி. அதன் முனையில் உள்ள நட்டை முறுக்கினால் நெக் நிமிரும், தளர்த்தினால் வளையும். கிட்டாரை விற்ற அண்ணன் கம்பியைத் தளர்த்தாமலே பரணில் போட்டிருந்ததால் நெக் வில்லாக முன்பக்கம் வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே இடைவெளியை அளந்தால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியது. இருக்க வேண்டியது 0.3 அளவில்.

நட்டு துருவில் உறைந்திருந்தது. மரத்தில் படாமல், இங்க் ஃபில்லரால் ஒரே ஒரு சொட்டு துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிட்டு அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் கம்பியை முழுக்கத் தளர்த்தி, நெக்கின் முதுகைக் கையால் தாங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கால் சுற்று. அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஆசைப்படக் கூடாது. மரம் ஒத்துக்கொள்ள நேரம் எடுக்கும். நட்டு உடைந்தால் ராட் போச்சு, ராட் போனால் நெக் போச்சு. மறுபடி சுருதி ஏற்றி, அளந்து, இறக்கி, கால் சுற்று. இந்த வேலையில் திறமை என்று எதுவும் இல்லை, பொறுமைதான். 0.35-ல் வந்து நின்றதும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

விரல் பலகை ஈட்டி மரம். அந்தப் பலகை காய்ந்து சுருங்கியதால் ஃப்ரெட்டுகளின் இரண்டு முனையும் வெளியே துருத்திக்கொண்டு, கையை மேலும் கீழும் ஓட்டினால் கீறியது. மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பத்தர்களுக்கான சாமான் விற்கிற கடையில் சின்ன அரங்கள் ஒரு செட் கிடைத்தன. நகைக்குக் கொக்கி ராவுகிற அரம், ஃப்ரெட் முனைக்குக் கச்சிதம். ஃப்ரெட் கம்பிக்கு நிக்கல் சில்வர் என்று பெயர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். வெள்ளி ஒரு பொட்டு கிடையாது. இந்த வேலையைச் சித்திரை, வைகாசி வெயிலில் செய்ய வேண்டும். மழைக் காலத்தில் மரம் ஊறி இருக்கும்போது ராவிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த கத்திரியில் முனைகள் மறுபடி எட்டிப் பார்க்கும்.

பலகைக்கு எண்ணெய் போடுவது பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அம்மா, "ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுடா, கதவுக்கெல்லாம் அதத்தான போடுறோம்" என்றார். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும், தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். கடையில் லெமன் ஆயில் என்று விற்பதில் பெரும்பாலும் மினரல் ஆயில்தான். அதையே கொஞ்சமாகத் துணியில் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்தேன். பல வருஷக் கை அழுக்கு கறுப்பாக வந்தது.

இனி பிக்கப். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

காந்தத்தைச் சுற்றி செம்புக் கம்பிச் சுருள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் அதே கணக்கு. நல்ல பிக்கப்பில் மீட்டர் 7.5 கிலோ ஓம் காட்டியது. செத்ததில் ஒன்றுமே இல்லை. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. மேடை வியர்வை உப்பு, பழைய கம்பியின் எனாமலைத் தின்று செம்பை அரித்துவிடும். ஒரே ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தச் சுருளும் சாவுதான்.

முனிச்சாலைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். சுற்றிலும் சீலிங் ஃபேன், தண்ணி மோட்டார், மிக்ஸி. பிக்கப்பைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன கேஜ் கம்பி?"

"42 பாய்."

"42-ஆ? இது 42 இல்ல. 42 இத விடத் தடிப்பா இருக்கும்."

அவர் சொன்னதுதான் சரி, நான் படித்ததும் சரிதான். கிட்டார் புத்தகங்களில் போட்டிருக்கிற 42, அமெரிக்க கேஜ். விட்டம் 0.063 மில்லிமீட்டர். நம் ஊர் வைண்டிங் கடைகள் பேசுவது பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். அமெரிக்க 42-க்கு நெருக்கமாக வருவது நம்முடைய 46. வீட்டில் பிக்கப் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் 42-ஐச் சுற்றினால் பாதிச் சுற்றிலேயே பாபின் நிரம்பி வழிந்துவிடும். சத்தமும் வராது.

46 கேஜ் பாயிடம் இருந்தது. எப்போதோ ரிலே காயில் சுற்ற வாங்கிய ஸ்பூல், மேலே தினத்தந்தி சுற்றி பெட்டிக்கு அடியில். ஃபேனுக்குப் போடுகிற 36 கேஜ் இதற்கு முன்னால் கயிறு மாதிரித் தெரிந்தது. தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி இழுத்தால் அறும், தொய்ந்தால் சுற்று கலையும். பாய் கையால் சுழற்றும் மெஷினில் பாபினை மாட்டினார். கவுண்டரைப் பூஜ்யத்தில் வைத்தார். ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் ஒரு வெல்வெட் துண்டு, அதற்குள் கம்பி. கடையில் யாரோ, "பாய், எம் மிக்ஸி என்னாச்சு?" என்று கத்தியபோதுகூடக் கை நிற்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். 9,000 சுற்று. நீளத்தைக் கணக்குப் போட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்குப் பக்கம், ரயில்வே ஸ்டேஷனில் பிடித்தால் விளக்குத்தூணை எட்டிவிடும். எடையோ 40 கிராம் தேறாது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை முன்பே முடிவு செய்திருந்தோம். ஜாஸ் பேஸின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிக்கப்புக்கு வலச்சுற்று என்றால் மற்றதற்கு இடச்சுற்று. காந்தத்தின் வடக்கு தெற்கும் அதேபோல் மாறியிருக்க வேண்டும். இரண்டும் மாறியிருப்பதால் கம்பியின் நாதம் ஒன்றோடு ஒன்று கூடும். காற்றில் வருகிற கரண்டு இரைச்சலுக்குக் காந்தத்தைப் பற்றிக் கவலை இல்லை, அது சுற்றை மட்டும்தான் பார்க்கும். ஆகவே ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் காணாமல் போவது இதனால்தான். மகளின் ஸ்கூல் காம்பஸை வைத்து இரண்டு பிக்கப்பின் காந்தத் துருவத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். பாய் அதைக் கேட்டுவிட்டு, "த்ரீ ஃபேஸ்ல ரெண்டு ஃபேஸ் மாத்துனா மோட்டார் ரிவர்ஸ்ல ஓடுமே, அந்த மாதிரி ஒரு வேலை" என்றார். முழுக்க அது இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறது. சுற்றி முடித்து மீட்டர் வைத்தால் 8 கிலோ ஓம். "பாட்டுக்கெல்லாம் நான் காயில் சுத்தினதில்ல" என்று சொல்லிவிட்டுக் கூலியை மிக்ஸி கணக்கில் போட்டார்.

சுற்றிய சுருளை மெழுகில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தளர்வாக இருக்கிற சுற்றுகள் சத்தத்துக்கு அதிர்ந்து, ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினதும் கீச்சென்று கத்தும். சாதா மெழுகு நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. மெழுகுவத்தி கீழவாசல் மாதா கோயில் பக்கத்துக் கடையில். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில். "குதிகால் வெடிப்புக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் பாபின் பிளாஸ்டிக் உருகும், மெழுகும் தீப்பிடிக்கும். தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம், 60 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அதைத் தாண்டவிடாமல். பிக்கப்பை இறக்கினால் சுற்றுகளுக்கு நடுவிலிருந்து பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். குமிழ் நின்றால் எடுத்துவிடலாம். அந்தப் பாத்திரத்தை இனி சமையலுக்கு எடுக்க முடியாது என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுவது உத்தமம். நான் சொல்லிவிட்டேன்.

எர்த் ஒயரைப் புதிதாகப் போட்டதோடு, பிக்கப் குழிகளுக்குள் செம்பு ஒட்டவும் முடிவு செய்தேன். ஆன்லைனில் இதற்கென்று செப்பு டேப் விற்கிறார்கள், சுருள் சின்னது, விலை பெரிது. அம்மன் சன்னதிப் பக்கம் பூஜைச் சாமான் கடைகளில் யந்திரம் எழுத மெல்லிய செப்புத் தகடு விற்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கடைக்காரப் பெண்மணி, "எந்த யந்திரத்துக்குங்க? அளவு சொன்னா நறுக்கித் தாரேன். சனியா, சுதர்சனமா?" என்றார். கிட்டாருக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், "அதுக்கும் எழுதுறாங்களா?" என்றார். தகட்டைக் கத்தரியால் வெட்டி, பசை தடவிக் குழிக்குள் ஒட்டி, மூலைகளை சால்டர் வைத்து இணைத்து எர்த்தோடு சேர்த்துவிட்டால், உள்ளே இருக்கிற ஒயர்களுக்கு அது ஒரு செப்புக் கூண்டு. தகட்டில் சால்டர் நன்றாகப் பிடித்தது.

ஒன்று சொல்ல வேண்டும். கிட்டாரில் எர்த் போடுவதெல்லாம் வீட்டு எர்த் ஒழுங்காக இருந்தால்தான். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் சொருகுகிற ஆம்ப்ளிஃபயர்களை இன்னும் பார்க்கிறேன். அந்தக் காலக் குழுக்காரர்கள் எல்லோரும் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்து ஒரு தடவையாவது ஷாக் வாங்கியவர்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்கள் மூன்றும் கரகரத்தன. பேஸுக்கு வேண்டியது 250 கிலோ ஓம், அதுவும் லாக் வகை. நம் காது சத்தத்தைப் பெருக்கல் கணக்கில்தான் உணரும், அதனால் லீனியர் போட்டால் வால்யூம் கடைசிக் கால் திருப்பில் ஒரேயடியாக விழும். ஜப்பான் பொட்டென்ஷியோமீட்டர்களில் ஏ என்று போட்டிருந்தால் லாக், பி என்றால் லீனியர். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஏறி இறங்கியதில் பி-யாகவே கிடைத்தது. கடைசியில் பழையதையே கழற்றி, கிளீனர் அடித்துத் திருப்பித் திருப்பி விட்டதில் இரண்டு தேறிவிட்டன. டோனுக்கு மட்டும் புதிது. கண்டன்சர் 473 என்று எழுதியிருப்பது, அதாவது 0.047 மைக்ரோஃபாரட். மிட்டாய் விலை.

கண்ட்ரோல் தகட்டின் உள்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் '12.4.84 வால்யூம் மாற்றியது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இந்த வருஷத் தேதியைப் போட்டு 'டோன்' என்று எழுதினேன்.

பெயிண்ட் அடிக்கவில்லை. கார் டிங்கரிங் கடையில் கேட்டால் சன்பர்ஸ்ட் என்ன, முத்து வெள்ளையே அடித்துத் தருவார்கள், ஒரே நாளில். பின்பக்கம் பெல்ட் பக்கிள் உரசி உரசி வட்டமாகப் பாலிஷ் போயிருக்கிறது. கட்டை விரல் ஊன்றுகிற இடத்தில் பிக்கப் மூடி வழவழத்துக் கிடக்கிறது. அதை மறைத்துவிட்டு அந்தக் கிட்டாரை வைத்துக்கொள்வதற்குப் புதிதே வாங்கலாம், இன்றைக்குப் புதியவை நன்றாகவே வருகின்றன. ஈரத் துணியால் துடைத்தேன். டியூனிங் கீகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ் போட்டேன். அவ்வளவுதான்.

கம்பி மட்டும் புதிது வாங்கினேன், மனசில்லாமல்தான். அண்ணன் காலத்தில் பேஸ் கம்பி கிடைப்பதே குதிரைக் கொம்பு. நாதம் மழுங்கினால் கழற்றி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, காயவைத்து மறுபடி மாட்டுவார்களாம். சுற்றுக் கம்பிக்கு நடுவில் அடைந்த அழுக்கு கழன்று கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். இதை உலகம் முழுக்க பேஸ்காரர்கள் செய்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த பழைய செட்டையும் ஒரு நாள் கொதிக்கவைத்துப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்து இரண்டு வால்யூமையும் திறந்தபோது ஜி-யைக் காணோம். அண்ணனுக்குப் போன் போட்டேன். சாயங்காலமே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்ததும் இடது கை தன்பாட்டுக்கு எங்கோ போனது, ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஒரு இறக்கம், திரும்ப ஒரு ஏற்றம். கீழ் வீட்டிலிருந்து டம்ளர் அதிர்கிறது என்று புகார் வந்தது. நான்காவது பாட்டில் நிறுத்திவிட்டுக் கம்பிகளைக் குனிந்து பார்த்தார்.

"ஸ்ட்ரிங் ரொம்பத் தாழக் கெடக்கே தம்பி. இழுத்து அடிச்சா ஃப்ரெட்டுல மோதுது."

"புத்தகத்துல போட்ட அளவுதாண்ணே. பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ரெண்டு மில்லிமீட்டர்."

"அது ரூமுக்குள்ள வாசிக்கிறவய்ங்களுக்கு. நாங்கல்லாம் மந்தையில வாசிச்சவய்ங்க. ஏத்து."

ஆலன் கீயை எடுத்து, பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாகத் தாங்கி நிற்கிற நாலு சேடிலையும் முக்கால் மில்லிமீட்டர் போல உயர்த்தினேன். கம்பி உயர்ந்தால் அழுத்துகிறபோது கூடுதலாக இழுபடும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி ஏறிவிடும். ஏறியது. சேடில்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி நாலு கம்பிக்கும் மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்படியே அந்த டோனையும் முழுசா மூடிரு. பேஸுக்கு எதுக்கு அம்புட்டு வெளிச்சம்?" என்றார்.